டீசல் முள் காட்டிய பசி

கொம்பன்விளை தவசிக்கனியின் பழைய பிக்கப் வண்டியில் டீசல் மீட்டர் கெட்டுப்போய், டேங்கில் எவ்வளவு டீசல் கிடக்கிறது என்று காட்டுவதை விட்டுவிட்டு, இடது பக்கத்து சீட்டில் உட்காரும் ஆளின் வயிற்றில் எவ்வளவு சோறு கிடக்கிறது என்று காட்ட ஆரம்பித்தது, முருங்கை சீசன் சூடு பிடித்த ஒரு வாரத்தில். அந்த வண்டி ஏற்கெனவே ரெண்டு பேர் ஓட்டித் தேய்த்து இவன் கைக்கு வந்தது. ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடும், கதவைச் சாத்தினால் ரேடியோ பாடும். அதனால் டீசல் முள் தன் இஷ்டத்துக்கு வேலை பார்த்ததைத் தவசிக்கனி ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் கண்டுபிடித்தது லோடு ஏற்றும் பிச்சைமணியின் வயிறுதான். டேங்க் நிறைய டீசல் ஊற்றிவிட்டு அவனையும் ஏற்றிக்கொண்டு பங்கிலிருந்து வெளியே வந்தால், முள் கீழே சிவப்புக் கோட்டில் படுத்துக் கிடக்கிறது. தவசிக்கனி மீட்டர் கண்ணாடியை விரலால் சுண்டினான், தட்டினான், ஏசினான், அசையவில்லை. ஞானத்தின் டீக்கடையில் நிறுத்தினார்கள். பிச்சைமணி புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னாவை ஊற்றி ஒரு பிடி பிடித்துவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே ஏறி உட்கார்ந்தான். முள் எழுந்து, மெல்ல மெல்ல மேலேறி, மேல் கோட்டில் போய் நிம்மதியாகச் சாய்ந்தது. அவன் இறங்கினால் நடுவில் வந்து நின்றது, ஏறினால் மேலே எழுந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத ஞானத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஊருக்கெல்லாம் புரோட்டா போடுகிற மனுஷன் உட்கார்ந்ததும் முள் பொத்தென்று கீழே விழுந்தது. சந்தேகம் தீர்ந்தது.

"மீட்டர்னு ஒண்ணு இருந்தா எதையாவது காட்டத்தான வே செய்யும்" என்றார் ஞானம். ஊரும் அதோடு விட்டுவிட்டது. எந்த வயர் எதோடு ஒட்டியது, யார் கண் பட்டது என்று ஒருத்தரும் துருவவில்லை. இதை வைத்து என்ன செய்யலாம் என்பதில்தான் எல்லாருக்கும் அக்கறை.

செய்வதற்கு நிறைய இருந்தது. ஏனென்றால் நம்மாட்கள் இருக்கிறார்களே, ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் கும்பிடு போடுகிறார்களோ இல்லையோ, "சாப்ட்டாச்சா?" என்று கேட்டுவிடுவார்கள். கேட்டால் "ஆச்சு" என்பதுதான் பதில். வயிறு ஒட்டிப்போய் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் "ஆச்சு"தான். கேட்கிறவனுக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும், ரெண்டு பேரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த "ஆச்சு" மேல்தான் இப்போது முள் வந்து குத்தியது.

கல்யாண வீட்டில் பந்தியில் தன்னைக் கவனிக்கவே இல்லை என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிய ஒரு சின்னமாமனாரை, "மாமா, பஸ்ஸுக்கு ஏன் நிக்கிய, வாங்க கொண்டு விடுதேன்" என்று நைசாக ஏற்றி உட்கார வைத்தார்கள். முள் மேல் கோட்டையும் தாண்டி நெட்டுக்குத்தலாக நின்றது. அவர் கோபத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பேசாமல் இறங்கிப் போய் வெற்றிலை போட்டார். சஷ்டி விரதம் என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டு திரிந்த ஒருத்தருக்கு முள் பாதிக்கு மேல் ஏறியபோது, "பால், பழம் எல்லாத்தையும் அது சோறுன்னு எடுத்துக்கிடுது, வெவரம் கெட்ட முள்ளு" என்று சொல்லிச் சமாளித்தார். வீட்டில் ஒரு வாய் சோறு கிடைப்பதில்லை என்று கடைக்குக் கடை புலம்பும் புருஷன்மாரைப் பெண்டாட்டிமார் காதைத் திருகாத குறையாகக் கூட்டி வந்தார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி, காலையில் பேசாமல் சுருண்டு உட்காரும் பிள்ளைகளை ஒவ்வொன்றாகச் சீட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவள், மறுநாளிலிருந்து மேசைக்குள் கடலை மிட்டாய் வைத்துக்கொண்டாள்.

நல்லதும் நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வண்டி எந்தத் தெருவில் நிற்கும்போது முள் விழுகிறதோ, அந்தத் தெருவில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்துவிடும். யார் வயிறு எப்போது எந்த வாசலில் அகப்படும் என்று தெரியாததால், உலையில் ஒரு கைப்பிடி அரிசி கூடப் போடுகிற பழக்கம் ஊரில் வந்துவிட்டது. வெளியூர் வியாபாரிகள் கொம்பன்விளையில் லோடு எடுக்க வந்தால் எடை கூடித்தான் திரும்பினார்கள். தவசிக்கனிக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லாமல் இருக்குமா? டீசல் எவ்வளவு இருக்கிறது என்றுதான் அவனுக்குத் தெரியாது. அதற்காக வண்டியின் பின்பக்கம் ஒரு கேனில் டீசல் ஊற்றி வைத்துக்கொண்டான், வண்டி இருமி நின்றால் எடுத்து ஊற்றுவான், அவ்வளவுதானே.

ஆனால் அவனுக்கு ஒரு அக்காள் இருந்தாள். பூரணம் என்று பேர். முருங்கைக்காய் கமிஷன் கடையில் காய் பிரித்துக் கட்டுகிற வேலை. புருஷன் இறந்து போனான், ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவன் வருஷத்துக்கு ஒருதரம் கோயில் கொடைக்கு வந்து தலையைக் காட்டுவான். அவளுக்கும் தவசிக்கனிக்கும் பேச்சுவார்த்தை உண்டு, போக்குவரத்து உண்டு. சாப்பாடு மட்டும் கிடையாது.

அது புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று வந்த வினை. அடுப்பில் பால் பானையை ஏற்ற வேண்டியவள் கூடப்பிறந்த அக்காள், அதுதான் முறை. பூரணம் குளித்து, ஈரத்தலையை முடிந்துகொண்டு, விடியும் முன்னே வந்து நின்றாள். அத்தான் இறந்து வருஷம் திரும்பாத நேரம். தவசிக்கனியின் மாமியார் வழியில் யாரோ ஒருத்தி, "அவ கையாலயா?" என்று இழுத்தாள். எல்லாரும் தவசிக்கனியின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான். பானையை வேறொரு கை ஏற்றியது. பால் பொங்கி வழிந்து எல்லாரும் குலவை போட்டு முடித்ததும், நீட்டிய தம்ளரை வாங்காமல் பூரணம் சொன்னாள்: "இந்த வீட்டுல இனிமே நான் கை நனைக்க மாட்டேன்ல." சத்தம் கூட போடவில்லை. சொன்னவள் சொன்னபடி நின்றாள். தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பினாலும் திரும்பி வந்தது, பொங்கலுக்கு அனுப்பிய கரும்பு மட்டும் வாசலில் சாத்தி வைத்தபடியே காய்ந்தது.

மீட்டர் விஷயம் ஊரெல்லாம் பரவியும், ஊர்ப்பேச்சில் காது கொடுக்காத பூரணத்துக்குத் தெரியாது. பஸ் வராத ஒரு மத்தியானம் அவள் வண்டியில் ஏறினாள்.

"சாப்ட்டியாக்கா?" என்றான் தவசிக்கனி, பழக்கத்தில்.

"ஆச்சு."

முள் விழுந்தது. அவன் எத்தனையோ பேர் வயிற்றைப் பார்த்திருக்கிறான், முள் சிவப்புக் கோட்டில் வந்து நிற்கும், லேசாகத் துடிக்கும். இது கோட்டுக்கும் கீழே போய், மேற்கொண்டு போக இடமில்லாமல் ஓரத்தில் முட்டிக்கொண்டு கிடந்தது, துடிக்கக்கூட இல்லை. ஒரு நாள் பட்டினியில் அப்படி விழாது. அவன் ஓரக்கண்ணால் அக்காளைப் பார்த்தான். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. ரவிக்கை தோளில் தொங்கியது. தினம் பார்க்கிற முகம் என்பதால் இத்தனை நாளும் பார்க்காமலே இருந்திருக்கிறான்.

கடைப்பெண்களிடம் சாடையாக விசாரித்தான். அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது, சம்பளம் வருகிறது. "ஒத்த உசுருக்கு எதுக்கு அடுப்பு பத்த வைக்கணும்" என்று கடுங்காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறாளாம். யாராவது தூக்குவாளியை நீட்டினால் "ஆச்சு"தான். அவன் பெண்டாட்டி செல்வமதி மீன் குழம்பு வைத்துத் தானே எடுத்துக்கொண்டு போனாள். "மைனி, ஒங்க வீட்டுலதான சாப்பிடச் சொல்லுதேன், எங்க வீட்டுலயா?" என்று கெஞ்சினாள். முள் கதை இதற்குள் காதில் விழுந்திருந்த பூரணத்துக்கு அன்றுதான் எல்லாம் விளங்கியது. "ஓஹோ, ஒன் புருசன் முள்ளப் பாத்துட்டு அனுப்பிச்சானாக்கும்" என்று கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து வண்டியில் ஏறுவதில்லை. உச்சி வெயிலில் தார் உருகுகிற ரோட்டில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நடந்தாள். பக்கத்தில் வண்டியை உருட்டிக்கொண்டே "ஏறுக்கா, ஏறுக்கா" என்று தவசிக்கனி கூப்பிட்டால், கேட்காதவள் மாதிரி சாலையோரத்து உடைமுள் மரங்களை எண்ணுகிறவள் போலப் போனாள்.

அப்போதுதான் அவன் இன்னொன்றையும் கவனித்தான். அவள் மட்டும் நடக்கவில்லை. வேலை கிடைக்காத நாளில் பனையேறி ஒருத்தர் நடந்தார். மருமகளோடு சண்டை போட்ட கிழவர் நடந்தார். முன்பெல்லாம் கையைக் காட்டி நிறுத்தி ஏறியவர்கள், இப்போது வண்டிச் சத்தம் கேட்டதும் திரும்பிக்கொண்டார்கள். வயிறு நிறைந்தவர்கள் ஜம்மென்று ஏறி, மீட்டரை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு போனார்கள். ஊரில் பசித்தவன் எவனோ அவன்தான் வெயிலில் நடக்கிறான். பசியைக் கண்டுபிடிக்கிற வண்டி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோமே, சனியன், அம்மணமாக்கி அல்லவா உட்கார வைத்திருக்கிறோம் என்று தவசிக்கனிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

நேரே மெக்கானிக் எபனேசரிடம் போனான்.

"அண்ணாச்சி, மீட்டரச் சரி பண்ணணும்."

எபனேசர் கையைத் துடைத்துக்கொண்டார். "அது இப்ப ஒன் மீட்டர் இல்லடே, ஊர் மீட்டர். நான் கை வெச்சேன்னு தெரிஞ்சா டீச்சரம்மா என்ன சும்மா விடுவாவளா?"

"எங்கக்கா நடந்தே செத்துப்போவா அண்ணாச்சி."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. வண்டிக்கடியில் சாக்கை விரித்துப் படுத்தார். டேங்க் மூடியைக் கழற்றி, உள்ளே டீசலில் மிதக்கிற மிதவையை வெளியே எடுத்து, அதன் கம்பியை மேலும் கீழுமாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். மிதவை ஏறினால் முள் ஏற வேண்டும். முள்ளைப் பார்த்துச் சொல்ல, செய்தி கேட்டு வந்திருந்த செல்வமதியைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

"ஏறுதா?"

"இல்ல அண்ணாச்சி."

"இப்ப?"

"விழுதே!"

"எம்மா, சீட்டுல கைய ஊணாதீய! நீங்க காலையில சாப்பிடலன்னு எனக்கு எதுக்கு?"

செல்வமதி வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். ஆமாம், அவளும் சாப்பிட்டிருக்கவில்லை. எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவள்தானே.

மிதவை நன்றாக இருந்தது, முள்ளும் நன்றாக இருந்தது, இடையில் ஓடுகிற வயரும் அறுபடவில்லை. கடைசியில் வண்டியின் அடிச்சட்டத்து ஓரத்தில், துருப்பிடித்த ஒரு திருகைச் சுரண்டிக்கொண்டே எபனேசர் சிரித்தார். "எர்த் இல்லடே. வயர் வண்டி இரும்பத் தொடாம அந்தரத்துல நிக்கு. அந்தரத்துல நிக்கிறது, கைக்குக் கிடைச்சதப் புடிச்சிக்கிடத்தான் செய்யும்." துருவை உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரித் தேய்த்து, புதுத் திருகு போட்டு வயரை இறுக்கினார். முள் ஒரு தடவை உதறி, யாரோ தூக்கத்திலிருந்து எழுப்பியது போல நிமிர்ந்து, டேங்கில் இருந்த டீசலுக்குச் சரியாகப் போய் நின்றது. பட்டினி கிடந்த செல்வமதி ஏறி உட்கார்ந்து பார்த்தாள், அசையவில்லை. பிச்சைமணி தின்றுவிட்டு ஏறினான், அசையவில்லை. "ச்சே, இனி இது வெறும் வண்டி" என்றான் அவன்.

ஊர் ஏசியது. டீச்சர் நேரில் வந்தே கேட்டாள், தவசிக்கனி தலையைச் சொறிந்தான். ஆனால் நடந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருத்தராகக் கை காட்ட ஆரம்பித்தார்கள். டீசல் கேனை அவன் வீட்டில் இறக்கி வைத்தான், இனி எதற்கு அது?

பூரணம் மட்டும் நம்பவில்லை. கடையில் காய் கட்டிக்கொண்டிருக்கும்போது மயங்கி விழுந்து, பெண்கள் தண்ணீர் தெளித்து எழுப்பி, திசையன்விளை ஆஸ்பத்திரிக்குப் போயே தீர வேண்டும் என்று பிடித்துத் தள்ளியபோதுதான், வண்டிக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்க்கா."

"சத்தியமா?"

"அம்மா மேல சத்தியமா."

ஏறினாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வண்டி ஊரைத் தாண்டி, ரெண்டு பக்கமும் செம்மண் மேடாகக் குவிந்து கிடக்கும் தேரிக்குள் போனது. ஆளில்லாத ரோடு. காற்று மணலை வாரி ரோட்டுக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தது. அக்காள் பக்கத்தில் இருக்கிறாள் என்கிற சந்தோஷத்தில் தவசிக்கனி மெதுவாக ஓட்டினான். ஓட்டிக்கொண்டே, இத்தனை மாதப் பழக்கத்தில், கண் தன்னால் மீட்டருக்குப் போனது.

முள் சிவப்புக் கோட்டில் கிடந்தது. அவன் பார்க்கப் பார்க்க அதற்கும் கீழே போனது.

வயர் மறுபடியும் கழன்றுவிட்டதா? எபனேசர் அண்ணாச்சி கைவிட்டுவிட்டாரா? பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை, மயங்கி விழுந்த உடம்பு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

"அக்கா, காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலையா?"

பூரணம் திரும்பினாள். அவன் கண் இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே முள்ளைப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே சிறுத்துப்போனது.

"அம்மா மேல சத்தியம் பண்ணுனியேல, பாவி!"

"இல்லக்கா, நெசமாவே சரி பண்ணுனேன், திரும்பவும் என்னமோ..."

"நிறுத்து வண்டிய. நான் நடந்துக்கிடுதேன்."

"இந்தத் தேரிக்காட்டுல எங்கக்கா நடப்ப?"

"நிறுத்துல!"

வண்டி ஒரு தடவை இருமியது. முன்னால் ஒரு குதி குதித்தது. இன்னும் ரெண்டு தடவை இருமி, உருண்டு, நின்றே போனது. தவசிக்கனி பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. சாவியைத் திருப்பினான், கரகரத்தது, அவ்வளவுதான். அவன் இறங்கிப் போய், டேங்கைக் கையால் தட்டினான். காலிப் பானை மாதிரி டங்கென்றது.

மணலுக்குள் நின்று டேங்கையும் அக்காளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா... டீசலுக்கா."

"என்னது?"

"டீசல் தீந்துபோச்சு. அது டீசலத்தான் காட்டியிருக்கு. ஒழுங்காத்தான் வேல பாத்திருக்கு. நான்தான் ஒன் வயித்தக் காட்டுதுன்னு நெனச்சிட்டேன்."

பூரணம் அவனையே பார்த்தாள். வேர்த்து வழிய, செம்மண் காலோடு, திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்கிறான். முதலில் அவள் தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பு பீறிட்டு, முந்தானையை வாயில் அடைத்தும் நிற்காமல், அந்த ஆளில்லாத தேரி முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தாள். "கூறுகெட்ட பயல, மீட்டரயும் சரி பண்ணிட்டு, அதப் பாத்து டீசல் போடணும்னு தெரியலையால ஒனக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் மடியில் கிடந்த முந்தானையை நீவிவிட்டாள். முள் அவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"எனக்கும் பசிக்கத்தாம்ல செய்யுது" என்றாள்.

தவசிக்கனி அசையாமல் நின்றான். அசைந்தால் அந்த வார்த்தை கலைந்துவிடும் என்று பயந்தான்.

"ரொம்ப நாளாப் பசிக்குல. ஒத்தையில ஒக்காந்து திங்கப் புடிக்கல. வேற ஒண்ணுமில்ல." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஒன் வீட்டு வாசல்ல எத்தன நாள் வந்து நின்னுட்டுத் திரும்பியிருக்கேன் தெரியுமா?"

செல்வமதி அவனுக்கு மத்தியானத்துக்கென்று கொடுத்தனுப்பிய தூக்குவாளியைச் சீட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்தான். மூடி இறுகிக் கிடந்தது, அவள்தான் வாங்கித் திறந்தாள். சோறும், கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பும். அவன் பாட்டிலைச் சாய்த்தான், அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். தண்ணீர் விரல்களில் வழிந்து செம்மண்ணில் விழுந்தது. "அன்னைக்கு நான் வாயத் தொறந்திருக்கணும்க்கா" என்று அவன் ஆரம்பித்தான். "இப்ப மூடு. சோறு ஆறுது" என்றாள் அவள்.

அவன் போன் செய்த கொஞ்ச நேரத்தில் எபனேசர் டீசல் கேனை முன்னால் வைத்துக்கொண்டு டிவிஎஸ்ஸில் மணலைக் கிளப்பியபடி வந்தார். டேங்க் மூடியில் கை வைத்தவரைத் தவசிக்கனி ஓடிப்போய்த் தடுத்தான்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்றான் மெதுவாக. "அக்கா சாப்பிட்டுக்கிட்டிருக்கா."